மலைமேல் ஒரு சிறிய இரைப்பை

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்காக ஒருவர் மருத்துவமனையில் தங்குவது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நாட்கள்தான். அந்தச் சில நாட்களில் மாற்றியமைக்கப்படும் இரைப்பையுடன் அவர் எஞ்சிய ஆயுள் முழுவதும் வாழ வேண்டும் என்பதால், அறுவையை உடல் தாங்குமா என்ற கேள்வியைக் காட்டிலும், அதற்குப் பின் வரும் முப்பது நாற்பது ஆண்டுகளை எந்த ஊரில், எந்த அடுப்பங்கரையில், எந்த மருத்துவரின் மேற்பார்வையில் கழிக்கப்போகிறார் என்ற கேள்வியே கனமானது. சேர்வராயன் மலையில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலோ, அதைச் சுற்றியுள்ள நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் போன்ற சிற்றூர்களிலோ வாழ்பவருக்கு இந்தக் கேள்வி மேலும் கனக்கிறது. ஏனெனில் இவ்வகை அறுவையும் அதற்குரிய சிறப்புக் கண்காணிப்பும் கிடைக்கும் இடங்கள் எல்லாம் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, சேலத்திலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருக்கின்றன. மலையில் வாழ்பவர் இந்த முடிவை எப்படி எடுக்கலாம், எடுத்த பின் எப்படி வாழலாம் என்பதை, இரைப்பை, குடல், இரத்தம் ஆகியவற்றைப் பற்றி அறிவியல் கண்டறிந்தவற்றைக் கொண்டே ஆராய வேண்டியிருக்கிறது.

உடல் பருமனை அளக்க மருத்துவ உலகம் பயன்படுத்தும் அளவுகோல் உடல் நிறை குறியீட்டெண். கிலோவில் கூறப்படும் எடையை, மீட்டரில் கூறப்படும் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்த எண் 25-ஐ எட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள் இந்தியப் பெண்களில் 24.0 விழுக்காடு, தமிழ்நாட்டுப் பெண்களிலோ 40.4 விழுக்காடு. தமிழ்நாட்டு ஆண்களில் இது 37.0 விழுக்காடு. அதே ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதையும் பதிவு செய்திருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் தனித்தனியே படிப்பது தவறு. பருமனும் இரத்தசோகையும் ஒரே வீட்டில், பல நேரங்களில் ஒரே உடலில் சேர்ந்திருக்கின்றன. எடை கூடியிருப்பதால் சத்தும் கூடியிருக்கிறது என்று பொருளில்லை. அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பேசும்போது இந்த உண்மை முழு உருவில் வெளிப்படும்.

உடல் நிறை குறியீட்டெண் எளிமையானது, ஆனால் தெற்காசிய உடல்களைப் பொறுத்தவரை அது பாதி உண்மையையே சொல்லும். புனேவைச் சேர்ந்த சர்க்கரை நோய் ஆய்வாளர் சி. எஸ். யாஜ்னிக்கும் அவருடைய இங்கிலாந்து நண்பர் ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் உடல் அளவுகளையே அருகருகே வைத்து வெளியிட்டனர். இருவருக்கும் குறியீட்டெண் 22.3, ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடாகவும், யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடாகவும் இருந்தது. குறியீட்டெண் ஒன்றே என்றாலும் இந்திய உடல் தசையைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டி, அதையும் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றிச் சேர்த்து வைக்கும் இயல்புடையது என்பதை இந்தச் சிறிய ஒப்பீடு காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே ஆண்டில் ஆசிய மக்களுக்கு 23-உம் 27.5-உம் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளத்தக்கவை என்றது. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் 25-க்கு மேல் பருமன் என்று வரையறுத்தனர்.

அறுவைக்கான எல்லைக்கோடு இதனால்தான் குழப்பம் நிறைந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1991-இல் வகுத்த விதி, குறியீட்டெண் 40 இருந்தால், அல்லது 35 இருந்து அதனுடன் பருமன் சார்ந்த நோய்களும் இருந்தால் அறுவை செய்யலாம் என்றது. 2022-இல் அமெரிக்க, சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் இணைந்து அந்த எல்லையைத் தளர்த்தி, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35, சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் 30 என்றும், ஆசியர்களுக்கு 27.5 முதலே அறுவையைக் கருதலாம் என்றும் அறிவித்தன. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமோ, பருமன் அறுவைக்குக் காப்பீடு வழங்க வகுத்த நிபந்தனைகளில் 1991-இன் எண்களையே வைத்திருக்கிறது: 18 வயது நிறைந்திருக்க வேண்டும், மருத்துவரின் பரிந்துரை வேண்டும், குறியீட்டெண் 40 வேண்டும், அல்லது 35-உடன் இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத சர்க்கரை நோய் போன்ற ஒன்று வேண்டும். ஐந்தடிக்குச் சற்றே குறைந்த, 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் ஒருவரை எண்ணிப் பார்த்தால் இந்த முரண்பாட்டின் அளவு தெரியும். அவர் 62 கிலோவை எட்டும்போதே ஆசிய அளவுகோல் அவருக்கு அறுவையைக் கருதத் தொடங்குகிறது. காப்பீட்டு நிறுவனம் வேறு நோய் எதுவும் இல்லாத அவரை ஏற்றுக்கொள்ள 90 கிலோ ஆக வேண்டும். இடைப்பட்ட 28 கிலோவில் சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும் மூட்டுவலியும் வந்து சேர எவ்வளவோ இடம் இருக்கிறது. மருத்துவ அறிவு திருத்திக்கொண்ட ஒரு கணக்கை நிர்வாகம் திருத்தாமல் வைத்திருப்பதன் சுமையை நோயாளியே சுமக்கிறார் என்பது வருத்தத்துக்குரியது.

அறுவை வரை போவானேன், வாயைக் கட்டினால் போதாதா என்று உறவினர்கள் கேட்பதுண்டு. இந்தக் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டை உடலியங்கியல் ஏற்பதில்லை. மெல்போர்னில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 50 பேர் பத்து வாரங்கள் மிகக் குறைந்த உணவுத் திட்டத்தில் இருந்து எடை குறைத்த பின் அவர்களின் இரத்தத்தில் பசி சார்ந்த இயக்குநீர்கள் அளக்கப்பட்டன. பசியைத் தூண்டும் கிரெலின் கூடியிருந்தது. வயிறு நிறைந்ததைச் சொல்லும் நீர்கள் குறைந்திருந்தன. ஓராண்டு கழித்து அளந்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இழந்த எடையை உடல் பஞ்சத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, பசியைப் பெருக்கியும் ஆற்றல் செலவைச் சுருக்கியும் அதை மீட்கப் பாடுபடுகிறது. உணவைக் குறைத்து நடையைக் கூட்டுவது எல்லோருக்கும் நன்மை தருவதே. ஆனால் பல கிலோ கூடுதலாக உள்ள ஒருவர் அதனால் மட்டும் நிலையாக மெலியாவிட்டால், அது அவருடைய மனவுறுதியின் தோல்வி அல்ல.

அறுவையின் வரலாறு ஒரு தற்செயலான கவனிப்பில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வர்ட் மேசன், வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக்கொண்ட பெண்கள் மெலிந்தே இருப்பதைக் கண்டு, 1966-இல் பருமனுக்காகவே இரைப்பை மாற்றுவழி அறுவையைச் செய்தார். பைபாஸ் என்று பரவலாக அழைக்கப்படும் இம்முறையின் இன்றைய வடிவத்தில், இரைப்பையின் மேல்நுனியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதி அதனுடன் இணைக்கப்படுகிறது. உணவு எஞ்சிய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமலே கீழிறங்குகிறது. ஸ்லீவ் எனப்படும் மற்றொரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுக்கப்பட்டு, சட்டைக் கை போன்ற குழாய் ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. குடலில் எதுவும் மாற்றப்படுவதில்லை. உலக அளவில் இன்று அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ்தான். இரண்டும் வயிற்றில் சிறு துளைகள் இட்டுக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் நடக்கின்றன. இந்த முறையைத் தமிழகத்தில் வளர்த்தெடுத்தவர்களில் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையை நிறுவிய சி. பழனிவேலு முன்னோடியாக மதிக்கப்படுகிறார்.

இடம் சுருங்குவதால் உண்ணும் அளவு குறைகிறது, அதனால் எடை குறைகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது விளக்கத்தின் சிறு பகுதியே. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த கிரெலின் பெரும்பாலும் இரைப்பையின் மேல்குவிவில் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் வெட்டி எடுக்கப்படுவது அந்தப் பகுதிதான் என்பதால், அறுவைக்குப் பின் பலருக்குப் பசி என்ற உணர்வே சில மாதங்கள் மங்கிப்போகிறது. பைபாஸில் உணவு குடலின் பின்பகுதியை விரைவில் அடைவதால், அங்கிருந்து சுரந்து மூளைக்குப் போதும் என்று சொல்லவும் இன்சுலினைத் தூண்டவும் செய்யும் ஜிஎல்பி-1 போன்ற நீர்கள் பெருகுகின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு, எடை குறையத் தொடங்கும் முன்பே, அறுவை நடந்த சில நாட்களில் இரத்தச் சர்க்கரை இறங்குவதை வால்டர் போரீஸ் என்ற அறுவை மருத்துவர் 1995-இல் வெளிப்படையான வியப்புடன் பதிவு செய்தார். எனவே இதனை இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை என்பதைவிட, குடலுக்கும் மூளைக்கும் இடையிலான உரையாடலைத் திருத்தும் அறுவை என்பது சரியாக இருக்கும்.

பலன்களைப் பற்றிய சான்றுகள் வலுவானவை. கிளீவ்லாந்தில் 150 சர்க்கரை நோயாளிகளுடன் தொடங்கிய ஆய்வில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை 6 விழுக்காட்டுக்குக் கீழோ அதற்குச் சமமாகவோ கொண்டுவந்தவர்கள் ஐந்தாண்டு முடிவில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காடு, ஸ்லீவ் செய்தவர்களில் 23, பைபாஸ் செய்தவர்களில் 29. இந்த எண்களைத் திருப்பிப் படிக்கவும் வேண்டும்: அறுவை செய்தவர்களிலும் பத்தில் ஏழு பேர் அந்த இலக்கை ஐந்தாம் ஆண்டில் எட்டவில்லை, நோய் தணிகிறது, சில சமயம் மறைகிறது, பலருக்குத் திரும்பியும் வருகிறது. சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வு அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்யாத 2,037 பேரையும் பல்லாண்டுகள் தொடர்ந்தது. 2020-இல் வெளியான அதன் கணக்கின்படி, அறுவை செய்தவர்களின் ஆயுள் செய்யாத பருமனானவர்களைவிட ஏறத்தாழ மூன்றாண்டு கூடியிருந்தது. ஆனாலும் பொதுமக்களின் ஆயுளைவிட அது ஐந்தரை ஆண்டு குறைந்தே இருந்தது.

ஆபத்து பற்றிய கேள்வியை மருத்துவரிடம் கேட்கத் தயங்கக் கூடாது. அனுபவமுள்ள மையங்களில் முதல் மாதத்துக்குள் உயிரிழப்பு ஆயிரத்தில் சிலர் என்ற அளவில்தான் இருக்கிறது. பித்தப்பை அறுவையைவிடப் பெரிதும் கூடியதல்ல. ஆனால் அந்தச் சிறிய எண் அனுபவத்தையும் வசதியையும் பொறுத்தது. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவைக்குச் சென்ற 26 வயது இளைஞர் உயிரிழந்ததும், சுகாதாரத் துறை விசாரணை நடத்தி அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்ததும் தமிழ்நாட்டில் பரவலாகப் பேசப்பட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா, பருமனானவர்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மயக்கவியல் மருத்துவர் இருக்கிறாரா, அறுவை மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறார், இரவில் சிக்கல் வந்தால் யாரை அழைப்பது என்பவை நாகரிகக் குறைவான கேள்விகள் அல்ல. கட்டணத்தைக் குறைத்துச் சொல்லும் இடத்தில் இவற்றை இரண்டு முறை கேட்பது நல்லது.

மலையில் வாழ்பவருக்கு மேலும் சில கணக்குகள் உண்டு. சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவருக்கு இது ஒரு பொருட்டல்ல என்றாலும், உறக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு அடிக்கடி நின்றுபோகும் உறக்க மூச்சுத்தடை உள்ளவரின் இரத்தத்தில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆக்சிஜன் சற்று விரைவாக இறங்க இது இடம் தரும். பலத்த குறட்டையும் பகல்நேரத் தூக்கமும் உள்ளவர்கள் அறுவைக்கு முன் உறக்கப் பரிசோதனை செய்துகொள்வது எங்குமே அவசியம். மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது இன்னும் அவசியம். அடுத்தது காலக் கணக்கு. தைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது நூற்றில் ஓரிருவருக்கு நேரக்கூடிய சிக்கல்; அது பெரும்பாலும் வீடு திரும்பிய பின், முதல் சில வாரங்களில், காய்ச்சலும் படபடப்பும் வயிற்றுவலியுமாக வெளிப்படும். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடக்கூடிய ஊரில், குப்பனூர் வழியே சுற்றிவர நேரும் ஊரில், அந்த வாரங்களைக் கழிப்பது அறிவுடைமை அல்ல. உறவினர் வீட்டிலாவது வாடகை அறையிலாவது சேலத்தில் இரண்டு மூன்று வாரம் தங்குவதும், அறுவையின் நாளை வடகிழக்குப் பருவமழைக்கு வெளியே குறித்துக்கொள்வதும் செலவுக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டியவை. கோயம்புத்தூரில் அறுவை முடித்துக் காரில் திரும்புபவர், காலில் இரத்தம் உறையாமலிருக்க, வழியில் மணிக்கு ஒரு முறை இறங்கிச் சற்று நடக்க வேண்டும்.

புதிய ஊசி மருந்துகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல். ஜிஎல்பி-1 நீரின் வேலையைச் செய்யும் டிர்செபடைடு, செமாகுளுடைடு ஆகியவை 2025-இல் எடை குறைப்பு மருந்துகளாக இந்தியச் சந்தைக்கு வந்தன. பெரிய ஆய்வுகளில் செமாகுளுடைடு 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடும், டிர்செபடைடு அதன் உச்ச அளவில் 72 வாரங்களில் 20.9 விழுக்காடும் எடையைக் குறைத்தன. அறுவை தரும் குறைப்பை இவை நெருங்குகின்றன. எனவே குறியீட்டெண் எல்லையோரத்தில் உள்ளவர்கள் முதலில் இவற்றைக் கருதுவது நியாயமே. ஆனால் செமாகுளுடைடை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றனர். அதாவது இதுவும் ஆயுள் ஒப்பந்தமே, மாதாமாதம் கட்டணம் கேட்கும் ஒப்பந்தம்.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரங்கள் நீராகாரம், பிறகு கூழ், பிறகு மென்மையான உணவு, ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குப் பின் வழக்கமான உணவின் சிறிய அளவு என்பது பொதுவான ஏணி. மெதுவாக மெல்லுதல், உண்ணும்போதும் அதன் பின் அரை மணி நேரமும் நீர் அருந்தாதிருத்தல், முதல் நிறைவு உணர்வில் கையை எடுத்துவிடுதல் ஆகியவை புதிய பழக்கங்கள். குழைந்து ஒட்டும் சோறும் உலர்ந்த சப்பாத்தியும் பலருக்கு நெஞ்சில் அடைத்து நிற்கும். பாயசமும் ஐஸ்கிரீமும் தடையில்லாமல் வழுக்கி இறங்கும். இந்த முரணே மீண்டும் எடை ஏறுவதற்கான பெரிய வாசல். பைபாஸ் செய்தவர் இனிப்பை அதிகம் உண்டால் சர்க்கரை திடீரெனக் குடலில் கொட்டி, கால் மணி நேரத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிசைவு வரும்; சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றும். ஏற்காட்டின் பலாவும் ஆரஞ்சும் விலக்கப்பட வேண்டியவை அல்ல. ஒரு சுளை, இரண்டு சுளை என்ற அளவில், வெறும் வயிற்றில் அல்லாமல் உண்ணப்பட வேண்டியவை.

நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்பது தசை கரையாமல் காக்கும் விதி. சிறிய இரைப்பையில் இதை நிறைவேற்றுவதுதான் அன்றாடப் போராட்டம். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாக விளைவித்துவரும் கேழ்வரகும் சாமையும் சத்தானவை என்ற புகழ் உண்மையே, ஆனால் அவற்றால் மட்டும் இந்தக் கணக்கு நிறைவேறாது. 100 கிராம் கேழ்வரகில் புரதம் ஏறத்தாழ 7 கிராம், சாமையில் 10 கிராம். அதே அளவு கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம். ஆகவே தட்டில் முதலில் பருப்பு, கொள்ளு, மொச்சை, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை உண்டு முடித்து, இடம் மிஞ்சினால் களியோ சோறோ என்று வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். நமது சாப்பாட்டில் சோறுதான் உணவு, மற்றவை தொட்டுக்கொள்ள என்ற வழக்கம் ஆழமானது. அறுவை அந்த வழக்கத்தைத் தொடுகிறது, இரைப்பையை மட்டுமல்ல.

இரும்புச்சத்து பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். உணவிலுள்ள இரும்பு கரைய இரைப்பை அமிலம் வேண்டும். அது உறிஞ்சப்படும் முதன்மையான இடம் முன்சிறுகுடல். ஸ்லீவ் அமிலத்தைக் குறைக்கிறது, பைபாஸ் முன்சிறுகுடலையே ஒதுக்கிவிடுகிறது. அறுவைக்கு முன்பே இரத்தசோகை உள்ள பெண், மாதவிடாயும் தொடரும் வயதில், இந்த இரண்டில் எதைச் செய்துகொண்டாலும் இரும்பு மாத்திரை இல்லாமல் காலம் தள்ள முடியாது. இதில் மலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த காப்பி, இன்று இங்கே பயிரும் பிழைப்பும் பழக்கமும் ஆகிவிட்டது. 1983-இல் வெளியான ஓர் ஆய்வு, உணவுடன் ஒரு கோப்பை காப்பி இரும்பு உறிஞ்சுதலை 39 விழுக்காடும், தேநீர் 64 விழுக்காடும் குறைப்பதைக் கண்டது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன் குடித்த காப்பி தீங்கு செய்யவில்லை. ஒரு மணி நேரம் பின் குடித்ததோ உணவுடன் குடித்ததற்குச் சமமாகத் தடுத்தது. காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் காப்பியை விடச் சொல்வது நடக்காத காரியம், தேவையுமில்லை. முதலில் காப்பி, ஒரு மணி நேரம் கழித்து உணவு, இரும்பு மாத்திரையை இரண்டிலிருந்தும் தள்ளி, எலுமிச்சைச் சாறுடன் எடுப்பது என்று நேரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

சுண்ணாம்புச்சத்துக்கு மருந்துக்கடைகளில் எளிதில் கிடைக்கும் கார்பனேட் மாத்திரை கரைய அமிலம் வேண்டும் என்பதால், அறுவைக்குப் பின் சிட்ரேட் வடிவமே பரிந்துரைக்கப்படுகிறது. இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருந்தாலும், அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் அதைப் பிணைத்து வைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் அந்தப் பிணைப்பு தளரும். வைட்டமின் பி12 வேறு விதமாக ஏமாற்றும். கல்லீரலில் அதன் இருப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமானது என்பதால், முதல் ஆண்டுப் பரிசோதனை நன்றாக வந்துவிட்டது, இனி எதற்கு மலையிறங்க வேண்டும் என்று நோயாளி நினைக்கத் தொடங்கும் இரண்டாம் மூன்றாம் ஆண்டில்தான் குறைவு தலைகாட்டுகிறது. பாத எரிச்சலாகவும் மரமரப்பாகவும் வரும் அதைச் சர்க்கரையால் வந்தது என்று தவறாகக் கொள்வதும் எளிது.

பைபாஸ் செய்தவர் மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் சீட்டின்றி வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது. இணைப்பு இடத்தில் புண் உண்டாகி இரத்தம் கசியவோ துளை விழவோ கூடும். புகையும் அதே தீங்கைச் செய்யும். மது இரத்தத்தில் முன்பைவிட விரைவாகவும் உயரமாகவும் ஏறும். பைபாஸ் செய்தவர்களில் குடிநோய் இரண்டாம் ஆண்டில் கூடுவதை 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எடை குறையும்போது கருமுட்டை வெளியீடு சீராகி, பல ஆண்டுகள் கருத்தரிக்காதவரும் எதிர்பாராமல் கருத்தரிக்கலாம். முதல் 12 முதல் 18 மாதங்கள் அதைத் தள்ளிப்போடுவது தாய்க்கும் சேய்க்கும் நல்லது. மூன்றாம் மாதம் தொடங்கி முடி கொட்டுவது பெண்களை மிகவும் வருத்துகிறது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் அது பெரும்பாலும் தானே திரும்பி வளரும்.

மனத்தைப் பற்றி மருத்துவமனைகள் குறைவாகவே பேசுகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், பைபாஸ் செய்தவர்களில் மொத்த இறப்பு 40 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற, நோயல்லாத காரணங்களால் நேர்ந்த இறப்பு 58 விழுக்காடு கூடியிருந்தது. எடை இறங்கியதும் எல்லாத் துன்பமும் இறங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு உடையும்போது துணை தேவைப்படுகிறது. தொங்கும் தோல், மாறிய முகம், ஊரார் பேச்சு, விருந்தில் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம் என்றால் வருத்தப்படும் அத்தைமார்கள் என்று சிறிய உரசல்கள் நிறைய. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரும் உறவினர் நடுவே, குறைவாக உண்பது அன்பை மறுப்பதாகிவிடக் கூடாது என்றால், வீட்டில் ஒருவராவது முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி வைக்க வேண்டும். அறுவைக்கு முன் நடக்கும் ஆலோசனைக்கு நோயாளியுடன் அவர் வீட்டில் சமைப்பவரும் செல்வது இந்தக் காரணத்தாலும் முக்கியம். ஓரிரு ஆண்டுகளில் எடை தாழ்ந்த நிலையை எட்டிய பின் சில கிலோ திரும்புவது இயல்பு. அந்த இயல்பை அறியாதவர் வெட்கத்தால் மருத்துவரைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார், சத்துக் குறைவு கவனிக்கப்படாமல் போவதும் அப்படித்தான்.

ஆண்டுப் பரிசோதனையின் சுமையைக் குறைக்க வழி உண்டு. இரத்த அணு, இரும்பு இருப்பு, பி12, வைட்டமின் டி, சுண்ணாம்பு, புரதம் ஆகியவற்றுக்கான இரத்தத்தைக் கொடுக்கத்தான் நகரத்துக்கு இறங்க வேண்டும். முடிவுகளைத் தொலைபேசி வழியாகச் சிறப்பு மருத்துவரிடம் விவாதிக்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வரும் பணியாளர் அளக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இங்கே பெரிதும் பயன்படும். எடை குறையக் குறைய இந்த நோய்களின் மாத்திரை அளவும் குறைக்கப்பட வேண்டும், பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரையும் அழுத்தமும் ஆபத்தாகத் தாழ்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் அவசரமானது தயமின் எனப்படும் வைட்டமின் பி1. உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டுமே போதும். அறுவைக்குப் பின் முதல் மாதங்களில் ஒருவருக்கு நாள்கணக்கில் வாந்தி தொடர்ந்தால் இருப்பு தீர்ந்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, மனம் குழம்பும். வெர்னிக்கே நோய் எனப்படும் இந்நிலையை உடனே திருத்தாவிட்டால் மூளைக்கு நிலையான சேதம் ஏற்படும். வாந்தியால் சோர்ந்து வருபவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது எங்கும் வழக்கம். ஆனால் குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும் என்பதால், தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிஞ்சியிருக்கும் சிறிதும் செலவாகி நோய் முற்றிவிடும். மழையில் பாதை அடைபட்ட இரவில் ஏற்காடு அரசு மருத்துவமனைப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர், எதிரே கிடப்பவரின் வயிற்றிலுள்ள ஐந்து சிறு தழும்புகளின் பொருளை ஊகித்தே அறிய வேண்டிய நிலை வரக் கூடாது. அறுவை நடந்த தேதி, ஸ்லீவா பைபாஸா என்பது, அறுவை மருத்துவரின் தொலைபேசி எண், வலி மாத்திரை கூடாது, மூக்கு வழியே குழாயைப் பார்க்காமல் செலுத்தக் கூடாது, குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி என்ற ஆறு செய்திகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு, குடும்ப அட்டையுடன் ஒன்றும் சட்டைப்பையில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளலாம்.